அடியில் போன சுண்ணாம்புப் பொட்டு

நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம்தான். சிரித்திருக்க வேண்டும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி சிரித்தபோது நானும் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டி, "ஆமாங்கய்யா, எங்க மச்சான் ஒரு மண்டு" என்று சொல்லிவிட்டு, ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு என் மரவரிசையான நிரைக்குப் போயிருந்தால் நல்லசாமி மச்சான் பகாவ் பக்கமே வாழ்ந்து பகாவ் பக்கமே செத்திருப்பார். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. கோபம் வந்தால் வாய் முதலில் போகும், புத்தி ஒரு மைல் பின்னால் நடந்து வரும். அந்த வாயால் கெட்டவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நல்லசாமி என் அக்கா தாயம்மாவின் புருஷன். பகாவ் டவுனிலிருந்து பதினான்கு கட்டை, அதாவது பதினான்கு மைல், தள்ளியிருந்த புக்கிட் லாடா ரப்பர் தோட்டத்தில் பிட்டர், வண்டியும் மெஷினும் ரிப்பேர் பார்க்கும் வேலை. மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து கப்பலில் வந்தவர். அதற்கப்புறம் சிரம்பானைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பதினோரு பேரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவரை விட்டுவிட்டார்கள். பெட்ரோல் இல்லாத காலத்தில் ரப்பர் பாலிலிருந்து காய்ச்சி எடுத்த எண்ணெயில் அவர்களுடைய லாரியை ஓட வைத்தவர் இவர் ஒருத்தர்தான். வேலை தெரிந்ததால் உயிர் தப்பியது என்று அவரே சொல்லுவார். பின்னால் வேலை தெரிந்ததாலேயே மாட்டிக்கொண்டார், அதை அவர் சொன்னதில்லை.

ஒல்லியான ஆள். பேச்சு குறைவு. வெற்றிலை போடமாட்டார், ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சுண்ணாம்பு டப்பா இருக்கும். அக்காவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்தது. வண்டியில் எந்தப் பாகத்தைக் கழற்றுவதற்கு முன்னாலும் சுண்டுவிரல் நகத்தால் சுண்ணாம்பைத் தொட்டு, அந்தப் பாகத்தின் மேல்பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பார். திரும்ப மாட்டும்போது அந்தப் பொட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். மாட்டி முடித்ததும் துணியால் துடைத்துவிடுவார். ஞாபக மறதிக்காரன் என்று யாராவது கேலி பண்ணுவார்கள் என்று அவருக்குக் கூச்சம். அதனால் இந்தப் பொட்டு விஷயம் வீட்டில் அக்காவுக்கும், கனமான வேலைக்குக் கை கொடுக்கப் போகும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் சொல்லப் போவது 1951 நவம்பர். கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அவர்களைக் காட்டுக்காரர்கள் என்போம், அதுவும் மெதுவாக. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டாகிவிட்டது. ஒரே ஒரு கேட். காலையில் வெளியே போகும்போது தூக்குச் சட்டியைத் திறந்து காட்ட வேண்டும், உள்ளே ஒரு கவளம் சோறு இருந்தால் காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோகிறாய் என்று பிடித்துவிடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பகலில் போலீசுக்குப் பயம், சங்கு ஊதினபின் காட்டுக்குப் பயம். இந்த லட்சணத்தில்தான் மூன்று வருஷம் பால் வெட்டினோம்.

ஜூன் மாதம் எங்களை மேற்பார்க்கும் கங்காணியான சன்னாசி மண்டோர், பதினாலாம் நம்பர் ரப்பர் காட்டில் பூட்ஸ் தடம் பார்த்தேன் என்று போலீசில் போய்ச் சொன்னார். மூன்றாம் நாள் அவரை அதே நம்பரில் ஒரு பால் மரத்தோடு சேர்த்துக் கட்டியபடி கண்டெடுத்தோம். நான்தான் கயிற்றை அறுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை.

அக்டோபரில் ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூண்டையும் பக்கத்திலிருந்த பட்டறையையும் கொளுத்திவிட்டார்கள். மச்சானின் பெஞ்சு, வைஸ், எல்லாம் போயிற்று. பையிலிருந்த ஸ்பானர்கள் மட்டும் மிச்சம். அடுத்த வாரமே தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் லேண்ட் ரோவர் படுத்துக்கொண்டது. குண்டுக்குப் பயந்து அதைச் சுற்றி இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். அந்தக் கனத்தோடு சேற்றில் நாலு சக்கரமும் இழுத்து இழுத்து முன் டிபரன்ஷியல் பல் உடைந்துவிட்டது. எஞ்சினிலிருந்து வரும் சுற்றை இரண்டு முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்பு உருண்டை அது. அது இல்லாவிட்டால் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். பகாவ் போகும் வழியிலுள்ள ஒன்பதாம் கட்டை மேட்டுச் சேற்றில் பின் சக்கரம் மட்டும் தள்ளினால் அந்தக் கனத்துக்கு வண்டி ஏறாது.

சனிக்கிழமை சிரம்பானில் தோட்ட முதலாளிமார் கூட்டம். அதற்குள் வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். பட்டறை இல்லையே என்றதற்கு, "உன் வீட்டில் வைத்துச் செய்" என்றார். அப்படித்தான் அந்த வண்டி எங்கள் லயத்துக்கு முன்னால், ரம்புத்தான் மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ரப்பர் மரக்கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். லயம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் எடுத்தது, துணி துவைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் மேட்டுக் காட்டிலிருந்து பார்த்தாலும் அது நன்றாகத் தெரியும். எனக்கு முதல் நாளிலேயே பிடிக்கவில்லை.

"ஏன் மச்சான் இத ஊர் பாக்க நடுவுல வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"வேற எடம் ஏது மாப்ளே? அடுப்படியிலயா வைக்க முடியும்?" என்றார்.

மாற்று டிபரன்ஷியல் பகாவ் போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் கிடந்த ஒரு வண்டியிலிருந்து கிடைத்தது. ஆகஸ்டில் பக்கத்துத் தோட்டத்துத் துரையைச் சுட்டபோது அவர் ஓட்டி வந்த லேண்ட் ரோவர். செவ்வாய்க்கிழமை நானும் மச்சானும் லாரியில் போனோம். ஓட்டியது துரையின் டிரைவர் ஹாஜா மைதீன் பாய், நாகூர்ப் பக்கத்துக்காரர், நாலு பிள்ளைக்குத் தகப்பன், மச்சானுக்கு உள்ள ஒரே சிநேகிதர். சுடப்பட்ட அந்த லேண்ட் ரோவரின் கதவில் ஏழு ஓட்டை. சீட்டைப் பார்த்துவிட்டு மைதீன் பாய் திரும்பி நின்றுகொண்டார். மச்சான் எதையும் பார்க்காமல் நேரே அடியில் படுத்தார். டப்பாவைத் திறந்து, உருண்டையின் மேல்பக்கத்தில் பொட்டு வைத்து, அதற்குப் பிறகுதான் முதல் நட்டில் ஸ்பானர் போட்டார். சாமான் முழுசாக இருந்தது, ஒரு பல்கூட உடையவில்லை. இரண்டு பேர் தூக்கி லாரியில் போட்டோம்.

மறுநாள் புதன்கிழமை, பதினோரு மணிக்கே அக்கா நிரையிலிருந்து திரும்பி வந்தாள். வாளியில் பால் அப்படியே இருந்தது, பால் நிறுக்கும் ஸ்டோரில் கொடுக்காமலேயே வந்திருக்கிறாள். நாங்கள் பழைய டிபரன்ஷியலைக் கழற்றிக்கொண்டிருந்தோம். வடித்த கியர் ஆயிலில் பொடிப் பொடியாக இரும்பு மின்னியது. அக்கா எங்கள் பக்கத்தில் குந்தி, கரித்துணியை எடுத்து, துடைப்பது போலப் பாவனை செய்துகொண்டே பேசினாள்.

அவளுடைய நிரை பதினாலாம் நம்பரில், கடைசி வரிசை. அதற்கு அப்புறம் காடுதான். காலையில் ஐந்தாவது மரத்தில் கத்தி போடும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டிருக்கிறது. தமிழ்க் குரல். திரும்பாதே என்று சொன்னானாம். அவன் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"ஒன் புருசன் தொர வண்டியச் செய்யிறான்னு தெரியும். செய்யட்டும். சனிக்கெழம ஒம்பதாங் கட்ட மேட்டுல அது நின்னு போகணும். நின்னாப் போதும், மத்தத நாங்க பாத்துக்குறோம். நிக்கலன்னா, திங்கக்கெழம நீ இதே நெரைக்குத்தான வருவ."

சொல்லி முடித்தும் அக்கா ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மச்சான் அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு, "போயி பாலக் கொடுத்துட்டு வா. நேரமாச்சுன்னா மண்டோர் கேப்பாரு" என்றார். அவள் போனாள். வேறு என்ன செய்வாள்? வேலைக்குப் போகாமல் படுத்துக்கொண்டால் பேர் எழுதுவார்கள், ஏன் என்று போலீஸ் கேட்கும். வேறு ஊருக்கு ஓடலாம் என்றால் அடையாளக் கார்டில் தோட்டத்தின் பேர் இருக்கிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "போலீசுல சொல்லிருவோம்" என்றேன்.

"சன்னாசி சொன்னாரு" என்றார் மச்சான்.

"அப்ப தொர சாகட்டும். நமக்கென்ன, அவன் என்ன நம்ம சித்தப்பனா?"

"வண்டி ஓட்டப் போறது மைதீன். பக்கத்து சீட்டுல நான்."

அதை நான் மறந்தே போயிருந்தேன். ஜூனுக்குப் பிறகு துரை ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். எந்த வண்டியை ரிப்பேர் செய்தாலும் முதல் ஓட்டத்தில் ரிப்பேர் செய்தவன் முன்சீட்டில் உட்கார வேண்டும். சதி செய்பவன் தானும் சாக மாட்டான் என்பது அவர் கணக்கு. ஆக, வண்டி நன்றாக ஓடினால் என் அக்கா போவாள். மேட்டில் நின்றால் மச்சானும் மைதீன் பாயும் போவார்கள். பல் உடைந்த உருண்டையைக் கழற்றி வெளியே வைத்தோம், அன்று முழுக்க மச்சான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வண்டிக்கு அடியில் இரண்டு பேரும் மல்லாந்து கிடக்கும்போது சொன்னார். புது டிபரன்ஷியல் என் நெஞ்சின் மேல் இருந்தது. நல்ல கனம்.

"மாப்ளே, இத மேல கீழா மாத்திப் போடப் போறேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாக விளக்கினார். உள்ளே ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது. உருண்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் அந்தச் சக்கரம் மறுபக்கம் போய்விடும். நட்டுகள் எல்லாம் அதே ஓட்டைக்குள் சரியாக உட்காரும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சாதாரணமாகப் பின் சக்கரம் தள்ளி ஓடும்போது ஒன்றும் ஆகாது. கியர் பக்கத்திலிருக்கும் மஞ்சள் குமிழை அழுத்தி நாலு சக்கரத்துக்கும் சுற்றுக் கொடுத்தால்தான் வினை. பின் சக்கரம் முன்னால் போகும், முன் சக்கரம் பின்னால் போகும். வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டி அங்கேயே நின்றுவிடும்.

"மைதீன் பாய் அந்தக் குமிழ எப்பவும் ஒம்பதாங் கட்ட அடிவாரத்துலதான் அழுத்துவாரு" என்றேன்.

"நாளைக்குக் கேட்டுலயே அழுத்தச் சொல்வேன். ரிப்பேர் பண்ண வண்டி, போறதுக்கு முன்ன ஒரு தடவ சோதிச்சுப் பாத்துருவோம்னு சொல்வேன். போலீஸ் குடிச முன்னாடி நிக்கும். அதுக்கு மேல யாரும் போக முடியாது."

"காட்டுக்காரங்க?"

"நான் அவங்க சொன்ன மாதிரிதான் கெடுத்து வெச்சேன், டிரைவர் முன்னாடியே அழுத்திட்டான். அவ்வளவுதான். தாயம்மாவ ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"தொர?"

கையிலிருந்த நட்டைத் துணியால் துடைத்தார். பிறகு சொன்னார். "பிட்டர் முட்டாள்தனமாத் தலகீழா மாட்டிட்டான்னு தொர நெனைக்கணும். எல்லாரும் அப்படித்தான் நெனைக்கணும். திட்டுவாங்க, சிரிப்பாங்க. சிரிச்சா நான் தப்பிச்சேன். வேணும்னே செஞ்சான்னு தெரிஞ்சா காட்டுக்காரனுக்கு ஒதவினவன்னு தூக்குல போடுவாங்க. நீயும் சிரிக்கணும் மாப்ளே. ஒனக்குத்தான் அது கஷ்டம்."

"சிரிக்கிறேன் மச்சான்" என்றேன். சத்தியம் கேட்டிருந்தால் சத்தியமும் செய்திருப்பேன்.

திருப்பி மாட்டினோம். ஒரு நட்டுக்கும் அடுத்த நட்டுக்கும் நடுவில் அவர் கை நிற்கும். முப்பத்தாறு வயதில் அவர் தெரிந்தே செய்த முதல் கெட்ட வேலை அது. வியர்வையா கண்ணீரா என்று எனக்குத் தெரியாது, முகம் முழுக்க நனைந்திருந்தது. நீளத் தண்டைப் பூட்டினோம், ஆயில் ஊற்றினோம், சக்கரம் மாட்டினோம். முட்டுக்கட்டையை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கும்போது ஆறு மணிச் சங்கு ஊதிவிட்டது. ஸ்பெஷல் போலீஸ்காரன், "மாசுக், மாசுக்" என்று உள்ளே போகச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தான்.

அப்போதுதான் எனக்குப் பொட்டு ஞாபகம் வந்தது. பகாவில் வைத்த பொட்டு. உருண்டை தலைகீழாக இருந்ததால் அது இப்போது அடியில், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மச்சான், பொட்டு. தொடைச்சிரவா?"

போலீஸ்காரன் பத்தடியில் வந்துவிட்டான். "விடு" என்றார். "அடியில யாரு பாக்கப் போறா. பாத்தாலும் அது என்னன்னு நம்ம மூணு பேருக்குத்தான தெரியும்."

சனிக்கிழமை காலை அவர் நினைத்தது நினைத்தபடி நடந்தது. வண்டி லயத்திலிருந்து கேட் வரைக்கும் ஒழுங்காகப் போனது. பின்னால் துரை, முன்னால் மைதீன் பாயும் மச்சானும். நான் கேட் ஓரம் வாளியோடு நின்றேன். மச்சான் ஏதோ சொல்ல, பாய் மஞ்சள் குமிழைத் தட்டினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. முன் சக்கரம் இரண்டும் பின்பக்கமாகச் சுற்றிச் சேற்றை வாரி முன்னால் அடித்தன, பின் சக்கரம் முன்னால் தள்ளியது. அடியில் டமார் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. துரை இறங்கி மச்சானை முகத்துக்கு நேராகத் திட்டினார். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பாப் போச்சு தொரை" என்றார். அவ்வளவு நன்றாக நடிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. பொம்பளைகள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தேன்.

வண்டியை அங்கேயே ஓரமாக இழுத்துக் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சிரம்பானிலிருந்து மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவான் என்றார்கள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். முடிந்துவிட்டது என்றே நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ரோந்து போன பட்டாளத்துக்காரர்கள் ஒன்பதாம் கட்டை மேட்டில் நின்றுவிட்டார்கள். பாதையின் இரண்டு பக்கமும் லாலான் புல் படுத்துக்கிடந்தது. முப்பது பேராவது ஒரு நாள் முழுக்க அங்கே படுத்திருந்திருக்கிறார்கள். காலி மீன் டின்கள், சாப்பிட்ட இலைகள் கிடந்தன. எந்த வண்டிக்காகக் காத்திருந்தார்கள் என்பது ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த வண்டி ஏன் போகவில்லை என்ற கேள்வியும் அதோடேயே வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மச்சானைக் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த போலீஸ் குடிசைக்குக் கூட்டிப்போனார்கள். ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அக்காவைத் தனியாகப் பகாவ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்குப் போனோம். வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம், ஆபீசுக்கு முன்னால். அங்கிருந்து பார்த்தால் கேட்டும் தார்ப்பாய் மூடிய வண்டியும் குடிசையும் தெரியும். குடிசை வாசலில் மச்சான் குந்தியிருந்தார். அடி விழுந்த மாதிரி தெரியவில்லை. ஆபீஸ் வராந்தாவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். தமிழ் ஆள். சிரம்பானிலிருந்து வந்த மாத்தா-மாத்தா என்று பக்கத்தில் நின்ற முத்தாயி முணுமுணுத்தாள். துப்புத் துலக்கும் சாதா உடுப்புப் போலீசை அப்படித்தான் சொல்வோம். அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குடித்துக்கொண்டே இருந்தான்.

பேர் கூப்பிட்டு முடித்ததும் பெரிய கிராணி இராஜமாணிக்கம் புத்தகத்தை மூடினார். ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். வேலைக்காரனைக் கேலி செய்யாமல் அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்காது.

"இருவது வருசமா ஸ்பானர் பிடிக்கிறான் ஒங்க நல்லசாமி" என்றார் உரக்க. "மேல எது கீழ எதுன்னு தெரியல. வேட்டியத் தலையில கட்டிக்கிட்டு, தலப்பாவ இடுப்புல சுத்திக்கிட்டு வர்ற ஆளு போல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மைதீன் பாய்கூடச் சிரித்தார், பாவம், அவருக்கு என்ன தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். முகம் இழுத்துக்கொண்டது.

"ஜப்பான்காரன் இவன ஏன் சயாமுக்குக் கூட்டிப் போகலன்னு இப்பத்தான வெளங்குது. பாதையத் தலகீழாப் போட்டுருவான்னு பயந்திருப்பான்."

மறுபடி சிரிப்பு. வெள்ளைச் சட்டைக்காரனும் லேசாகச் சிரித்தான். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இது போதும், அவன் நம்பிவிட்டான் என்று. இன்னும் இரண்டு நிமிஷம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

"இனிமே அவனுக்கு ஸ்பானர் வேணாம்" என்றார் கிராணி. "மம்பட்டியக் குடுத்து புல்லு வெட்டப் போட்டுருவோம். புல்லுக்கு மேலயும் கெடையாது, கீழயும் கெடையாது."

மச்சான் குடிசை வாசலிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்துக்குப் பேச்சு கேட்டிருக்காது, சிரிப்பு கேட்டிருக்கும். நாற்பது பேர் சிரிக்க, அந்த மனுஷன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது.

"வாய மூடுங்கய்யா" என்றேன். வாளியைக் கீழே போட்டேன். "எங்க மச்சான் வேலையப் பத்திப் பேச ஒங்களுக்கு என்ன தெரியும்? கண்ணக் கட்டிக்கிட்டு மாட்டினாலும் அவருக்கு மேல கீழ மாறாது. ஒவ்வொரு சாமானுக்கும் மேல் பக்கம் சுண்ணாம்புல பொட்டு வெச்சுட்டுத்தான் கழட்டுவாரு. இத்தன வருசத்துல ஒரு நட்டு எடம் மாறினதில்ல."

சிரிப்பு நின்றது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு இன்னும் உறைக்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சட்டைக்காரன் குவளையைப் பெஞ்சில் வைத்தான்.

"சுண்ணாம்புப் பொட்டா?" என்றான். நல்ல மெதுவான குரல்.

அவன் எழுந்து கேட்டை நோக்கி நடந்தான். அவசரமே இல்லை. தார்ப்பாயைத் தூக்கி, முழங்காலிட்டு, டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்த்தான். கையை உள்ளே விட்டு நகத்தால் சுரண்டினான். வெளியே எடுத்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனியில் வெள்ளை. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே மச்சானை லாரியில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். அக்காவைப் பகாவ் ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். தூக்கு இல்லை. தன்னைக் கொல்ல நினைத்தவன் வண்டியைக் கேட்டிலேயே நிறுத்தியிருக்க மாட்டான் என்று துரையே சொன்னாராம். ஆனால் காட்டுக்காரர்கள் பேச்சைக் கேட்டு வண்டியைக் கெடுத்தது நிஜம், போலீசில் சொல்லாமல் மறைத்ததும் நிஜம். நாலு மாதம் அடைத்து வைத்தார்கள். பிறகு நாடு கடத்த உத்தரவு வந்தது. மூன்று வயதில் விட்டுவந்த ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். அந்த ஊர் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

பார்க்க அனுமதி கிடைத்தபோது முதலில் நான் மட்டும் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துவைத்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இளைத்திருந்தார், நகத்துக்குள் இருந்த கறுப்பெல்லாம் போய்விட்டிருந்தது. நலம் விசாரித்த பிறகு அவரே கேட்டார்.

"பொட்டு விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு மாப்ளே?"

நான் வாயைத் திறந்தேன்.

"தாயம்மாவ ரெண்டு நாள் ஸ்டேஷன்ல வெச்சிருந்தாங்களாமே" என்றார். "பயந்திருப்பா. பொம்பள, பாவம். நீ அவளத் திட்டிராத. ஒனக்குக் கோவம் வரும்."

பூட்டே கிடையாது என்று சொன்னேனே அந்த வாய், அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, திட்டமாட்டேன் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். இந்த ஜென்மத்தில் நான் செய்த ஈனத்தனமான காரியம் அதுதான். பெரட்டில் கத்தியதையாவது கோபம் என்று சொல்லலாம், இதற்கு என்ன சொல்வது.

அக்காவும் அவரோடு கப்பலேறினாள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அவரைத் தனியாகப் போலீசோடு கொண்டுவந்தார்கள். ஏறுவதற்கு முன் அக்காவிடம் சொல்லிவிட்டேன், அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்து.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பெரட்டுல நாப்பது பேரு கேட்டாங்கடா. நீ கத்தினது எனக்குத் தெரியாதா? அவரு என்ன நெனச்சுக்கிட்டு இருக்காருன்னு நான் பாக்கப் போனப்ப எனக்கும் சொல்லிட்டாரு."

"நீ இல்லன்னு சொல்ல வேண்டியதுதான அக்கா?"

"சொன்னா நீன்னு ஆயிரும்" என்றாள். "எம்மேல கோவம்னா ரெண்டு நாளு மூஞ்சியத் திருப்பிக்குவாரு, அப்புறம் பசிச்சா வருவாரு. ஒன்னத்தான் அவரு பெருசா நம்பினாரு. அது இருக்கட்டும். நீ எழுதிக்கிழுதித் தொலைக்காத."

நான் எழுதவில்லை. முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவர் பம்பு செட்டு ரிப்பேர் பார்த்துப் பிழைத்தார் என்று அக்காவின் கடிதங்களில் தெரிந்துகொண்டேன். அங்கேயும் சுண்ணாம்பு டப்பா உண்டாம், ஆனால் வேலை முடிந்ததும் பொட்டைத் துடைத்தோமா என்று இரண்டு தரம் திரும்பிப் போய்ப் பார்ப்பாராம்.

1967-இல் கடைசிக் கடிதம் வந்தது. மச்சான் மாசியில் தவறிவிட்டார் என்று இருந்தது. சாவதற்கு முன்தினம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அன்னிக்குச் சொன்னத நான் அப்பவே மன்னிச்சுட்டேன் புள்ள, மனசுல வெச்சுக்காத" என்றாராம். "சரிங்க என்று சொன்னேன் தம்பி" என்று எழுதியிருந்தாள்.

பதினைந்து வருஷம், செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டே அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.